புளியங்கொம்பைப் பிடித்த 150 பேர்

'பிடித்தாலும் புளியங்கொம்பாகப் பிடிக்க வேண்டும்' என்போம். சம்பந்தம் பேசும்போதும் வேலை தேடும்போதும் வாயில் வருகிற சொலவடை. 1908 செப்டம்பர் 28, திங்கட்கிழமை, ஐதராபாத்தில் 150 பேர் நிஜமாகவே புளியங்கொம்பைப் பிடித்து உயிர் தப்பினார்கள்.

அந்த மரம் இன்றும் நிற்கிறது. மூசி ஆற்றின் வடகரையில், அஃப்சல் கஞ்சில், உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துக்குள். புளிய மரக் கிளை காற்றுக்கு வளையும், சட்டென்று முறியாது. கீழே 11 அடிக்கு வெள்ளம் ஓடியது. வீட்டு உத்தரமும் செத்த மாடும் அடித்துக்கொண்டு வரும் தண்ணீர் அது. மேலே, கிளைக்குக் கிளை, முன்பின் அறியாத மனிதர்கள் ஒருவரை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வடியும்வரை தொங்கினார்கள். பெரிய கோட்டைச் சுவரை நம்பியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பேட்லா புர்ஜ் என்ற கொத்தளத்தின் மேல் நூற்றுக்கணக்கானோர் ஏறி நின்றார்கள். கொத்தளமே சரிந்து, அவர்களோடு ஆற்றில் போனது.

மூசி பெரிய ஆறு அல்ல. அனந்தகிரி மலையில் புறப்பட்டு ஐதராபாத் வழியாகப் போய்க் கிருஷ்ணாவில் சேருகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலுக்கு நடுவே ஒரு கோடாகத்தான் ஓடும். அப்படிப்பட்ட ஆறு ஒரே நாளில் ஊரை விழுங்கியது எப்படி?

மழை மட்டும் காரணம் அல்ல. மழை கொடுமையாகத்தான் பெய்தது. இன்றைக்கு விமான நிலையம் இருக்கும் ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலம். ஆனால் ஊருக்கு மேலே, மூசிக்கு நீர் தரும் சுமார் 860 சதுர மைல் பரப்பில் 788 ஏரிகள் இருந்தன. சதுர மைலுக்கு ஓர் ஏரி என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மேல் ஏரியின் கரை உடைந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழ் ஏரியில் இறங்கும். கலிங்கு அதைத் தாங்காது. கீழ் ஏரியும் உடையும். அன்று இப்படி 221 ஏரிகள் உடைந்தன. ஊருக்குள் பாய்ந்தது அன்றைய மழை மட்டுமல்ல, ஏரிகள் அதுவரை தேக்கி வைத்திருந்த நீரும்தான்.

அஃப்சல் பாலம், முஸல்லம் ஜங் பாலம், சாதர்காட் பாலம் மூன்றும் போயின. குதுப் ஷாகி காலத்தில், 1578இல் கட்டிய புரானாபுல் மட்டும் அடிபட்டாலும் நின்றது. இறந்தவர்கள் 15,000 பேர் வரை என்கிறார்கள். ஊரில் நான்கில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80,000 பேருக்கு, அன்றிரவு தலைக்கு மேல் கூரை இல்லை. உருது பேசும் ஐதராபாத்காரர்கள் அந்த நாளைத் 'துக்யானி சித்தம்பர்' என்று பெயர் சொல்லி நினைவில் வைத்தார்கள். செப்டம்பர் பெருவெள்ளம் என்று பொருள்.

இதில் என் மனதை விட்டு அகலாதவர் கவிஞர் அம்ஜத் ஐதராபாதி. தாய், மனைவி, மகள் மூவரையும் அவர் கண் முன்னாலேயே ஆறு கொண்டுபோனது. அவர் மட்டும் பிழைத்தார். அதற்குப் பிறகும் அதே ஊரில் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். அந்த வெள்ளத்தைப் பாடினார். நாலடியில் முடியும் ருபாயியில், உருதுவில் தனக்கு நிகரில்லை என்னும் பெயரும் எடுத்தார். ஒவ்வொரு மழைக்காலத்தையும் அவர் எப்படிக் கடந்திருப்பார் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் அரண்மனைக் கதவுகளைத் திறந்துவிட்டார். ஊரில் பல இடங்களில் கஞ்சித் தொட்டிகள் திறந்தார்கள். நிவாரண வேலையில் ஊர் சுற்றிய பெண்களில் ஒருவர் சரோஜினி நாயுடு. அந்தத் தொண்டுக்காக 1911இல் ஆங்கில அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் தந்தது. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு அதை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி இப்படி ஒரு வெள்ளம் வராமல் தடுக்க, மறு ஆண்டு ஏப்ரலில் பொறியாளர் விசுவேசுவரய்யா ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்தார். அழைப்பு போனபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். ஆற்றின் கரைகளை உயர்த்தினால் மட்டும் போதாது, வெள்ளத்தை ஊருக்கு மேலேயே மறித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும் என்பது அவர் கணக்கு. மூசியில் உஸ்மான் சாகர் 1920இல் முடிந்தது. மூசியின் துணையாறான ஈசியில் இமாயத் சாகர் 1927இல் முடிந்தது. வெள்ளத்துக்காகக் கட்டிய இரண்டும் பிறகு ஊருக்கே குடிநீர் கொடுத்தன.

அணைகளை அந்த ஊர் கொண்டாடியது. ஏரிகளைத்தான் மறந்தது. 2020 அக்டோபரில் பெய்த கனமழையில் ஐதராபாத்தின் குர்ரம் செருவு ஏரியின் கரை உடைந்து, ஹாஃபிஸ் பாபா நகர் தெருக்களில் வெள்ளம் பாய்ந்தது. 112 ஆண்டு கழித்தும் உடைந்தது ஏரிக்கரைதான்.

செப்டம்பர் 28 வந்தால் ஊர்க்காரர்கள் சிலர் அந்தப் புளிய மரத்தடியில் கூடுகிறார்கள். மற்ற நாட்களில் அது மருத்துவமனைக்குள் நிற்கும் ஒரு பழைய மரம், அவ்வளவுதான்.