கோதின் அடியெழுத்து: காத்தான்குடிக் கரையை முன்வைத்து ஒரு நோக்கு

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நாணயமுமே மாணவர் நினைவுக்கு வருவன. போரின் பின் எஞ்சும் பித்தளைக் கோதும் எழுத்துப் பொறித்த உலோகமே என்பது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. அதன் அடித்தட்டை நாணயத்தின் முகத்தைப் போலவே வாசிக்கலாம். நாணயத்தைப் போலவே அதனைத் தவறாகவும் வாசிக்கலாம்.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்த ஊர் காத்தான்குடி. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபின், மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அதில் 307 பேர் மாண்டனர். உடன்சென்ற வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அன்றே அழிந்தது. விமானந்தாங்கியாயினும் அன்று ஹேர்மிஸிலே விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. யாவும் கரையில் விடப்பட்டிருந்தன. ஃபுல்மார் என்னும் பிரித்தானியப் போர்விமானங்கள் காலந்தாழ்ந்தே வந்து யப்பானியரோடு பொருதின.

இக்கரையில் கிடைக்கும் ரவைக் கோது ஒன்றை அந்நாளோடு இணைத்துப் பேசுதல் இயல்பே. ஆயின் அது எத்தரப்பினது? ஃபுல்மார் விமானங்களின் இயந்திரத் துப்பாக்கிகள் .303 அங்குல ரவைகளைச் சுட்டன. யப்பானியக் கடற்படையோ விக்கர்ஸ், லூயிஸ் துப்பாக்கிகளைப் பின்பற்றித் தன் விமானங்களுக்கு 7.7 மில்லிமீற்றர்த் துப்பாக்கிகளை ஆக்கிக்கொண்டது. இரண்டும் ஒரே அளவே. அடிவிளிம்பு புடைத்த, ஏறத்தாழ 56 மில்லிமீற்றர் நீளமான கோதே இரண்டுக்கும் உரியது. பகைவர் இருவரும் ஒரே வானில் ஒரே வடிவக் கோதுகளையே உதிர்த்தனர்! அளவுகோல் இங்கு உதவாது, அடியெழுத்தே உதவும்.

பிரித்தானியக் கோதில் தொழிற்சாலையைச் சுட்டும் எழுத்தும், ஆண்டும், ரவை வகையைச் சுட்டும் உரோம எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ‘கே’ என்ற ஆங்கில எழுத்துப் பர்மிங்காமின் கைனொக் நிறுவனத்தையும், ‘ஆர்.எல்.’ என்பது வூல்விச் அரச ஆய்வுகூடத்தையும் குறிக்கும். ஏழு என்னும் உரோம எண் அக்காலத்துப் பொதுவகை ரவைக்கு உரியது. யப்பானியக் கடற்படைக் கோதுகளிலோ கத்தகானா எழுத்துக்களைக் காணலாம். யப்பானியப் பொருள்களில் ஆண்டு ஷோவா ஆட்சியாண்டாக அமையுமிடத்து அதனுடன் 1925ஐக் கூட்டல் வேண்டும். ஷோவா 17 என்பது 1942 ஆகும். பெரிய பீரங்கிக் கோதுகளிலோ பிரித்தானிய அரசுடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறியும் காணப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொறித்த ஆண்டு கோது பிறந்த ஆண்டேயன்றிச் சுடப்பட்ட ஆண்டன்று. 1941 எனப் பொறித்த ரவை 1942இலும் சுடப்பட்டிருக்கலாம், பின்னொரு பயிற்சிக் களத்திலும் சுடப்பட்டிருக்கலாம். 1941க்கு முற்பட்டதன்று என்பது மட்டுமே உறுதி.

இக்கேள்வி காத்தான்குடியில் ஏட்டளவில் நிற்பதன்று. 1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி இரவு, மீரா ஜும்ஆ, ஹுஸைனியா ஆகிய இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சன்னங்கள் துளைத்த தடங்கள் சுவர்களில் எஞ்சின. அப்போரில் அரச படைகளும் விடுதலைப் புலிகளும் ஒரே 7.62 மில்லிமீற்றர் வகைத் துப்பாக்கிகளைக் கையாண்டனர். சீனக் கோதின் அடியில் தொழிற்சாலை எண்ணும் ஆண்டின் ஈரிலக்கமும் இருக்கும். சுட்டவன் பெயர் இராது. அதைச் செய்தோர் விடுதலைப் புலிகளே என்பதற்கு உயிர்தப்பியோரின் சாட்சியமே சான்றாயிற்று.

கோதின் பொருளை நிறைவு செய்வது அது கிடந்த இடமே. எந்த மணற்படையில், எவற்றோடு கிடந்தது என்பது குறிக்கப்படாமல் அது அப்புறப்படுத்தப்பட்டால் அடியெழுத்து மட்டுமே மிஞ்சும். பழைய பித்தளையாய் உருக்குலைக்குச் சென்றால் அதுவும் மிஞ்சாது. சுடப்படாத ரவையோ வெடிக்காத குண்டோ எனில், தொடாது, அது கிடந்த நிலையிலேயே பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.