இதயத்தைத் தேடியபோது கிடைத்த சுரப்பி

கழுத்தில் கேடயச் சுரப்பியை ஒட்டிப் பயறளவான நான்கு சுரப்பிகள் உள. பாராதைராய்டு எனப்படும் இவை, குருதியிலுள்ள சுண்ணச் சத்தை அளவில் நிறுத்துவன. லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1849-இல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன் என்பாரே இச்சுரப்பியை முதன்முதலிற் குறித்தவர். மனித உடலிலும் அஃது உண்டென 1880-இல் எழுதி வெளியிட்டவர் சுவீடன் நாட்டுச் சாண்ட்ஸ்டிரம்.

இவற்றுள் ஒன்றிற் கட்டி தோன்றினால் எலும்பின் சுண்ணம் குருதிக்குப் போய்விடும், எலும்பு நலியும், சிறுநீரகத்திற் கல் சேரும். கட்டியை அகற்றினால் நோய் தீரும் என்பதை மருத்துவர் 1925-இலேயே வியன்னாவிற் கண்டனர். ஆனால் கட்டி இருக்கும் இடம் அறிவது எங்ஙனம்? அமெரிக்கக் கப்பல் தலைவர் ஒருவரை ஆறு முறை அறுத்தும் அஃது அகப்படவில்லை. 1932-இல், ஏழாம் முறை, மார்பைத் திறந்தபோதே கிடைத்தது. பாவம், சில வாரங்களில் அவர் இறந்தார்.

விடை வேறொரு வழியில் வந்தது. டெக்னீசியம் கலந்த செஸ்டமிபி என்னும் மருந்து, இதயத் தசையின் குருதியோட்டத்தைப் படமெடுக்கவே ஆக்கப்பட்டது. இதயத்தை ஆராய்ந்தபோது பாராதைராய்டுக் கட்டியிலும் அம்மருந்து சேர்வது தெரியவந்தது. இங்கிலாந்தின் காக்லி குழுவினர் 1989-இல் இதனை அறிவித்தனர். காரணம் எளிது. ஓயாது உழைக்கும் இதயத் தசையின் உயிரணுக்களில் ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா மிகுதி. இக்கட்டியின் அணுக்களிலும் அவ்வாறே. மருந்து அங்கேதான் தங்கும். கேடயச் சுரப்பியிலிருந்து அது விரைந்து வடிந்துவிடுவதால், இரண்டொரு மணி நேரங் கழித்து எடுக்கும் படத்திற் கட்டி தனித்துத் தெரியும்; மார்புக்குள் ஒளிந்த கட்டியும் புலப்படும். மிகச் சிறியவை மட்டும் இன்றும் தப்புவதுண்டு.