பள்ளி வரிக்கு யாருடைய சம்மதம்?

உள்ளூர்ப் பள்ளிக்கு வரி விதிக்கலாமா என்று வாக்காளர்களிடம் கேட்பது அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களுக்கு உரிய வழக்கம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் சென்னை மாகாணத்தில் 1863ஆம் ஆண்டிலேயே இதற்கு நெருக்கமான ஒரு சட்டம் இருந்தது. அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டு விவாதத்தைப் படிக்கும்போது, 'எவ்வளவு பணம்' என்பதைவிட 'யாரைக் கேட்டார்கள்' என்ற கேள்வியே முன்னிற்கிறது.

கதை கோதாவரிக் கழிமுகத்தில் தொடங்குகிறது. ஆர்தர் காட்டனின் அணைக்கட்டால் வேளாண்மை செழித்திருந்த 1850களில், இராஜமுந்திரியின் துணை ஆட்சியராயிருந்த டெய்லர் நரசாபுரம் பகுதியில் ஒரு முயற்சியை முன்னெடுத்தார். ஊரார் தம் நிலவரியோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துச் செலுத்துவர். அதைக் கொண்டு தெலுங்கு வழிப் பள்ளிகள் நடக்கும். இதன் அனுபவமே 1863ஆம் ஆண்டுச் சென்னைக் கல்விச் சட்டத்துக்குப் பின்புலம். பள்ளி வேண்டும் என்று ஊரார் விரும்பி விண்ணப்பித்தால் அவ்வூரில் கல்விக்கென வரி விதிக்கலாம் என்றது அச்சட்டம். காகிதத்தில் இது முழுமையான சம்மதம். நடைமுறையிலோ, நிலவரி வசூலிக்கும் அதிகாரியே முன்னின்று கேட்கும்போது ஒரு குடியானவர் 'வேண்டாம்' என்று சொல்வது எளிதன்று. சட்டம் பரவலாக வேரூன்றவில்லை. 1871ஆம் ஆண்டு உள்ளூர் நிதிச் சட்டம் விருப்பத்தை விடுத்து வரியைப் பொதுவாக்கியது. அதன்கீழ் வந்த வீட்டுவரி கடும் எதிர்ப்பைச் சந்தித்துக் கைவிடப்பட்டது.

'மக்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை' என்று இதிலிருந்து முடிவுகட்டுவது எளிது. அம்முடிவுக்கு எதிரான வலுவான சான்று பம்பாய் மாகாணத்திலிருந்து கிடைக்கிறது. அங்கே நிலவரியில் ரூபாய்க்கு ஓர் அணா வீதம் உள்ளூர் வரி வசூலாயிற்று. அதில் மூன்றில் ஒரு பங்கு கல்விக்கு. 1882இல் ஹண்டர் ஆணையத்துக்கு அளித்த மனுவில் ஜோதிராவ் பூலே இந்தக் கணக்கையே கையிலெடுத்தார். வருவாயின் பெரும்பகுதி உழவர் உழைப்பிலிருந்து வருகிறது; கல்விச் செலவின் பயனோ உயர்கல்வி பெறும் மேல்தட்டினரிடம் சேர்கிறது என்பது அவர் வாதம். உள்ளூர் வரி நிதியில் பாதிக்குக் குறையாத பங்கைத் தொடக்கக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று அவர் கோரினார். வரி கொடுக்க மறுத்தவரின் குரலன்று இது. கொடுத்த வரி தம் பிள்ளைகளுக்குத் திரும்பவில்லை என்று கண்டவர்கள் சார்பாக எழுந்த குரல்.

1911 மார்ச்சில் கோபால கிருஷ்ண கோகலே மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த தொடக்கக் கல்வி மசோதா இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. கட்டாயக் கல்வியை எங்கே தொடங்குவது என்பதை உள்ளாட்சி அமைப்புகளே முடிவுசெய்யலாம். அதற்கெனத் தனி வரியும் விதிக்கலாம். செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது கோகலேயின் எதிர்பார்ப்பு. மாதம் பத்து ரூபாய்க்கும் குறைந்த வருவாயுள்ள பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இத்தனை நிதானமான மசோதாவும் 1912 மார்ச்சில் 13க்கு 38 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. எதிர்த்தவர்களில் அரசு அதிகாரிகளும் நிலவுடைமையாளர்களும் இருந்தனர். வயல் வேலைக்கு ஆள் கிடைக்காது என்ற அச்சமும் அக்காலத்து எதிர்ப்பில் ஒலித்தது.

பின்னர் 1918இல் விட்டல்பாய் படேலின் முயற்சியால் பம்பாயிலும், 1920இல் சென்னையிலும் உள்ளாட்சிகளுக்குக் கல்வி வரி அதிகாரம் வந்தது. ஆனால் அந்த உள்ளாட்சிகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? சொத்தும் வரித் தகுதியும் உடைய சிறுபான்மையினர். அவர்களில் பலருடைய பிள்ளைகள் ஏற்கெனவே பள்ளியில் இருந்தனர். பள்ளி இல்லாத குழந்தையின் தந்தைக்கு வாக்கில்லை. தாய்க்கு அதனினும் இல்லை. வரி விதிப்பதில் உள்ளாட்சிகள் காட்டிய தயக்கத்துக்கு மக்களின் அறியாமையைக் காரணம் காட்டுவது, வாக்குரிமையின் இந்தக் குறுகிய வடிவத்தை மறைத்துவிடுகிறது.

கேட்கும் முறை மாறினால் விடையும் மாறும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. விருதுநகர் வணிகர்கள் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட மகமை பள்ளிகளை வளர்த்தது. காமராசர் ஆட்சியில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராயிருந்தபோது, 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் கட்டடமும் இருக்கையும் சீருடையும் தந்தனர். ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்றிருந்தது. தாம் கொடுப்பது எங்கே போகிறது என்பதை ஊரார் கண்ணால் காண முடிந்தது.

இன்று வயதுவந்த அனைவருக்கும் வாக்குண்டு. ஆனால் வரி அதிகாரம் இடம்பெயர்ந்துவிட்டது. 2004இல் 2 விழுக்காடாகத் தொடங்கிய ஒன்றிய அரசின் கல்வி மேல்வரி, 2018 முதல் நலவாழ்வையும் சேர்த்து 4 விழுக்காடாக உள்ளது. மேல்வரி என்பதால் மாநிலங்களுடன் பகிரவேண்டிய நிதித் தொகுப்பில் அது சேராது. ஆசிரியர் நியமனமும் ஊதியமும் பெரும்பாலும் மாநிலங்களின் கையில். அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை தொடக்க, இடைநிலைப் பள்ளிகளை ஊராட்சிகளுக்கு உரிய பொருளாகக் குறிக்கிறது. எனினும் பள்ளிகளை ஊராட்சிகளிடம் ஒப்படைத்துத் திட்ட நிதியில் கணிசமான பங்கையும் அளித்த கேரளம் போன்ற முயற்சிகள் அரிதாகவே உள்ளன. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அவர்கள் திட்டம் தீட்டலாம். நிதி திரட்டும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. தமிழ்நாட்டு நகரங்களில் சொத்துவரியோடு இன்றும் கல்வி வரி சேர்ந்தே வசூலாகிறது. அது எந்தப் பள்ளிக்குப் போயிற்று என்று வார்டு கூட்டத்தில் கேட்பவர் எத்தனை பேர்?

அன்று முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றிருந்தோருக்குப் பொதுப்பள்ளியின் தேவை இல்லை. இன்று அத்தேவை உடையோர் வாக்காளராகிவிட்டனர். முடிவு அவர்களிடம் வரவில்லை. எனவே உள்ளாட்சித் தேர்தலில் பள்ளிக்காக வாக்குக் கேட்போர் 'கூடுதல் நிதி தருவோம்' என்பதோடு நின்றால் போதாது. இவ்வூரில் கல்விக்கென வசூலாகும் தொகை எவ்வளவு, அதைச் செலவிடுவதில் பெற்றோருக்கு என்ன பங்கு என்ற இரண்டுக்கும் அவர்கள் விடை சொல்ல வேண்டும். பூலே 1882இல் கேட்ட கணக்கு இன்னும் நேர்செய்யப்படவில்லை.