அங்குலமும் மில்லிமீட்டரும்: ஏலமலைச் சாலையில் ஒரு கருவிப்பெட்டி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடியும் முன்னரே தோட்டத் தொழிலாளரை, அவர்களுள்ளும் பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இவ்வளைவுகளைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் செல்கின்றன, மாலையில் திரும்புகின்றன. இம்மலையைப் பற்றிய எழுத்துகளில் பூஞ்சாறு அரசர் வருகிறார், ஆங்கிலத் தோட்டத்துரைகள் வருகிறார்கள். அந்த ஜீப்புகளைக் கழற்றிப் பூட்டும் பட்டறையின் கருவிப்பெட்டியை ஓர் ஆவணமாகக் கொண்டு பேசியதைக் காண்பது அரிது. நாம் இங்கு அதற்கு முயல்வோம்.

பெட்டியிலிருந்து ஒரு சாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் 14 என்று பொறித்திருக்கிறது. நட்டைக் கவ்வும் அறுகோண வாயின் அகலம் 14 மில்லிமீட்டர் என்பது பொருள். திருப்பிப் பார்த்தால், ராட்செட் கைப்பிடி நுழையும் சதுரத் துளை அரை அங்குலம். ஒரே இரும்புத் துண்டு. முன்பக்கம் ஓர் அளவை, பின்பக்கம் வேறோர் அளவை. ஜெர்மனியில் செய்தாலும் ஜலந்தரில் செய்தாலும் இதுவே நிலை. இதன் காரணத்தைத் தேடப் புகுந்தால் இம்மலைச் சாலையின் நூற்றாண்டுக் கதை விரிகிறது.

நம் கொத்தனாரும் தச்சரும் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒரு பகுதியை ‘நூல்’ என்பர். நான்கு நூல் என்றால் அரை அங்குலம். நூல் என்னும் சொல்லுக்கு விளக்கம் சொல்ல வந்த நன்னூலார், மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சரின் நூலை உவமையாக்கினார். அதே சொல் பின்னாளில் ஆங்கிலேயர் கொணர்ந்த அங்குலத்தின் எட்டிலொரு பங்குக்கும் பெயராயிற்று. போடிக்கு இத்தகைய இணைப்பு புதிதன்று. ஏலக்காயைக் குறிக்கும் ஏலம் நம் சொல். அதை விலைகூறி விற்கும் ஏலமோ போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. இரண்டும் ஒரே ஊரில் ஒரே ஒலியில் வாழ்கின்றன.

இம்மலைக்கு இயந்திரம் வந்தபோது அங்குலமும் அடியும் கூடவே வந்தன. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை கொண்டுசெல்ல 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடியை அடைந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்தது. அக்காலத்து ஆங்கில இயந்திரங்களின் மரை, ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த அளவையைச் சார்ந்தது. விட்வொர்த் ஸ்பேனரில் அரை என்று பொறித்திருந்தால் அது வாயின் அகலமன்று, போல்ட்டின் விட்டம்; வாயோ 0.92 அங்குலம். பழைய டீசல் என்ஜின்களைப் பழுதுபார்ப்போர் இவ்வகை ஸ்பேனர்களைத் தனியே பொதிந்து வைத்திருப்பதன் காரணம் இதுவே.

ராட்செட்டும் சாக்கெட்டும் அமெரிக்கக் குழந்தைகள். ராட்செட் கைப்பிடிக்கு 1863இல் ஜே.ஜே. ரிச்சர்ட்சன் என்பவர் அங்கே காப்புரிமை பெற்றார். உள்ளே ஒரு பற்சக்கரம். அதை ஒருபுறம் மட்டும் சுழலவிடும் ஒரு சிறு நாக்கு. நட்டிலிருந்து கருவியை எடுக்காமலே முன்னும் பின்னும் அசைத்துத் திருக இது வழிசெய்தது. ஆயினும் ஒவ்வொரு நட்டுக்கும் தனிக் கைப்பிடியோடு கூடிய கருவி வாங்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. 1920இல் ஜோசப் ஜான்சன் மில்வாக்கி நகரில் ஸ்நாப்-ஆன் நிறுவனத்தைத் தொடங்கி, ஐந்து கைப்பிடிகள் ஐம்பது கருவிகளின் வேலையைச் செய்யும் என்று கூறி விற்றார். கால், முக்கால், அரை என அங்குலத்தில் அமைந்த சதுர முனைகள் பின்னர் உலகப் பொதுவாயின. நட்டின் அளவு மில்லிமீட்டருக்கு மாறியபோதும், உலகெங்கும் பட்டறைகளில் கிடக்கும் கைப்பிடிகளை எவரும் தூக்கி எறிய விரும்பவில்லை. சாக்கெட்டின் பின்புறம் அங்குலமாகவே நின்றுவிட்டது.

இந்திய நாணயம் 1957 ஏப்ரல் முதல்நாள் நூறு பைசாவாயிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடையும் நீளமும் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறின. சட்டம் சந்தைத் தராசை மாற்றிவிடலாம். முன்பே இறுக்கிய நட்டை மாற்ற இயலாது. 1940களின் இறுதியில் மகேந்திரா நிறுவனம் மும்பையில் ஒன்றுகூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப் அடிமுதல் முடிவரை அங்குல வண்டி. 1954இல் டாடாவும் ஜெர்மானிய டெய்ம்லர்-பென்ஸும் கைகோத்தபோது மில்லிமீட்டர் லாரி வந்தது. 1979இல் மகேந்திரா, பிரெஞ்சு பியூஜோ நிறுவனத்திடம் டீசல் என்ஜினுக்கு உரிமம் பெற்றது. அந்த என்ஜினைத் தாங்கிய ஜீப்பில் பானட்டுக்குள் பிரெஞ்சு மில்லிமீட்டர். கியர்பெட்டியிலும் ஆக்சிலிலும் வில்லிஸ் மரபின் அங்குலம். மலையேறும் மெக்கானிக்குக் கட்டாயம் இரண்டு செட் தேவைப்பட்டது இதனால்தான்.

இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதானே என்று எண்ணுவது ஆபத்து. முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர்; 19ஆம் எண் சாக்கெட் பொருந்திவிடும். அரை அங்குலமோ 12.7, 13ஆம் எண் ஏறும், ஆனால் தளரும். 9/16 அங்குலம் 14.29, அதற்கு 14 ஏறாது, 15 வழுக்கும். வழுக்கிய சாக்கெட் நட்டின் முனைகளை மழுக்கும். மழுங்கிய நட்டை அடுத்தமுறை இறுக்கமாகப் பூட்ட இயலாது. ‘மரை கழன்றவன்’ என்று வேடிக்கையாகச் சொல்கிறோம். பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிய வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்புகையில் அது வேடிக்கையன்று. பழைய வில்லிஸ் ஜீப்பின் இடப்புறச் சக்கர நட்டுகளுக்கு இடமரை உண்டு. அதை அறியாமல் வழக்கமான திசையில் ராட்செட்டை வைத்து வலிந்து இழுப்பவர், கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிப் போல்ட்டையே முறித்துவிடுவார்.

ஆகவே வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று, வண்டியின் வயதை. புதிய வண்டிக்கு மில்லிமீட்டர் செட் போதும். பழைய ஜீப்புக்கு அங்குல செட்டும் வேண்டும். வாய் அறுமுனையாக இருப்பின் நட்டின் பக்கங்களை அழுத்தமாகப் பற்றும். பன்னிருமுனை எளிதில் பொருந்தும், துருவேறிய நட்டில் எளிதில் வழுக்கவும் செய்யும். 24 பல் ராட்செட் ஒவ்வோர் அசைவுக்கும் 15 பாகை கேட்கும்; 72 பல் உடையது 5 பாகையில் பிடித்துக்கொள்ளும். என்ஜினின் இடுக்கில் இந்த வேறுபாடு பெரிது. எனினும் பல் சிறுத்தால் அதன் வலிமைக்குத் தரமான எஃகு வேண்டும். குரோம் வனேடியம் என்ற பொறிப்பை மட்டும் நம்பாமல், கைப்பிடியைச் சுழற்றி நாக்கு ஒவ்வொரு பல்லிலும் தவறாமல் விழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஜலந்தர், லூதியானா, நாசிக் ஆகிய ஊர்களில் செய்த கருவிகள் நம் கடைகளில் கிடைக்கின்றன.

பராமரிப்புக்கும் மலைக்கெனச் சில முறைகள் உண்டு. இறுகிய நட்டின் முதல் பிடியை ராட்செட்டால் விடுவிக்கக் கூடாது; அதன் கைப்பிடியில் பைப்பைச் செருகி நீட்டவும் கூடாது. அதற்கு நீண்ட தண்டு தனியே உண்டு. நட்டு இளகிய பின்னரே ராட்செட்டின் முறை. மலைமழையின் ஈரம் முலாம் உரிந்த இடத்தில் துருவாகும் என்பதால், வேலை முடிந்ததும் துடைத்துவைப்பது நலம். ராட்செட்டின் தலையைத் திறந்து மண்ணெண்ணெயில் கழுவி, சில துளி மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். கெட்டியான கிரீஸை அடைத்தால் மலைக்குளிரில் நாக்கு ஒட்டிக்கொண்டு பல்லைத் தவறவிடும்.

இக்கதையில் ஒரு முரண் எஞ்சியிருக்கிறது. மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது (1869-1872) இந்தியா விரைவில் மெட்ரிக் முறைக்கு மாறும் என்று நம்பி, புதிய இருப்புப்பாதைகளுக்கு ஒரு மீட்டர் அகலத்தைத் தேர்ந்தனர். மாற்றம் அப்போது வரவில்லை. பாதை மட்டும் வந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு வந்த இரயில் அந்த மீட்டர் பாதையில் ஓடியது. நாடு முழுவதும் மெட்ரிக் ஆனபின், 2010ஆம் ஆண்டின் இறுதியோடு அது நிறுத்தப்பட்டு, 2023 ஜூனில் அகலப்பாதை இரயில் போடிக்கு வந்து சேர்ந்தது. அகலப்பாதை என்பது ஐந்தடி ஆறங்குலம். மில்லிமீட்டரில் 1676 என்று எழுதினாலும் பிறப்பால் அது அடியும் அங்குலமுமே.

அளவைகளை அரசுகள் அறிவிக்கின்றன, நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில் நின்று பொருத்திக்காட்டும் பொறுப்பு பட்டறைக் கைகளுக்கு விடப்படுகிறது. நாளை விடியுமுன் மலையேறும் ஜீப்பின் நட்டு எந்த அளவையில் பிறந்தது என்று இன்றிரவு தெரிந்திருக்க வேண்டியவர் அந்த மெக்கானிக் ஒருவரே.