ஒரு நெடிலின் பயணம்

லப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ விடிகாலையில் மக்தப் பக்கம் நடந்தால், பிள்ளைகள் அல்ஹம்து சூரா ஓதும் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். 'மாலிகி யவ்மித்தீன்' என்ற இடத்தில் 'மா' நீள வேண்டும். நீளாவிட்டால் ஹஜ்ரத் நிறுத்தித் திருத்துவார்.

அந்த நெடிலுக்குச் சொந்த ஊர் இராக்கின் கூஃபா.

கலீஃபா உஸ்மான் காலத்தில், கி.பி. 650 வாக்கில், குர்ஆனைப் படியெடுத்தவர்கள் அந்தச் சொல்லுக்கு எழுதியவை மூன்றே எழுத்துகள்: மீம், லாம், காஃப். நெடிலைக் காட்டும் அலிஃப் இல்லை. நீட்டினால் தீர்ப்பு நாளின் உடையவன். குறுக்கினால் அந்நாளின் அரசன். ஓலையில் எகரமும் ஏகாரமும் ஒரே உருவில் கிடந்ததைப் பிரித்தெழுதியவர் என்று சொல்லப்படும் வீரமாமுனிவர், நம் அரியலூர்ச் சீமையின் ஏலாக்குறிச்சியில் இருந்தவர்தான். அவரிடம் இதை விளக்க வேண்டியதே இருந்திருக்காது.

எழுத்து விட்டுவைத்ததை உஸ்தாதின் வாய் சொன்னது. மதீனாவின் நாஃபிஉ 'மலிகி' என்று குறுக்கினார். மக்கா, பஸ்ரா, திமிஷ்கு இமாம்களும் அப்படியே. கூஃபாவின் ஆஸிம் நீட்டினார். அதே ஊர் ஹம்ஸா குறுக்கினார்! ஆஸிம் 745-ல் இறந்தார். அவர் ஓதலைக் கைமாற்றியவர்களில் ஒருவர் ஹஃப்ஸ், அவருடைய மனைவியின் மகன். பாக்தாதில் இப்னு முஜாஹித் (இறப்பு 936) ஏழு இமாம்களின் ஓதல்களை நூலாக்கினார். கண்பார்வையற்ற ஷாத்திபி அவற்றை மாணவர் மனப்பாடம் செய்ய 1173 பாடல் வரிகளில் அடக்கினார்.

ஒட்டோமன் ஆட்சியும் பிறகு அச்சும் ஹஃப்ஸ் வழியைப் பெரும்பாலான இடங்களில் பரப்பின. 1924 கெய்ரோ பதிப்பு அதற்கு முத்திரை வைத்தது. நம் ஊர்க் குர்ஆன்களில் மீமின் தலையில் நிமிர்ந்து நிற்கும் சின்னக் கோடு ஆஸிமின் நெடில். மொராக்கோவில் இன்றும் நாஃபிஉவின் மாணவர் வர்ஷ் வழிதான், அங்கே 'மலிகி'. எகிப்தின் குர்ஆன் ஓதுநர் ஹுஸரி 1961-ல் ஹஃப்ஸ் வழியில் முழுக் குர்ஆனையும் ஒலிப்பதிவு செய்தார். பின்னர் வர்ஷ் வழியிலும் ஓதிப் பதிந்தார்.

நம் பக்கத்துக் குன்னத்தில் சிறுவயதில் தமிழ் படித்த உ.வே.சாமிநாதையர், பின்னாளில் சுவடிகளின் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார். அங்கே ஒரு பாடம் மேலே, மற்றவை கீழே. கிராஅத் எனப்படும் குர்ஆன் ஓதல் வழிகளில் கீழே என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நபியவர்கள்வரை போகும் உஸ்தாதுகளின் வரிசை, ஸனது, வேண்டும். அது இல்லாமல், அரபு இலக்கணம் எவ்வளவு இடம் கொடுத்தாலும், புது ஓதல் செல்லாது.

எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு ஒரு வழி போதும், இரண்டு சொன்னால் குழம்பிவிடும். முழுக் குர்ஆனையும் மனனம் செய்து ஹாபிழாகப் பட்டம் வாங்குகிறவர் மற்றதைக் கேள்விப்படாமலே போவதுதான் குறை.

உங்கள் வீட்டுப் பிள்ளை கைபேசியில் 'மலிகி' கேட்டுவிட்டு வந்து தப்பா என்று கேட்டால், தப்பில்லை என்று சொல்லுங்கள். அது எந்த ஊர், எந்த உஸ்தாது வழி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாளைக் காலை மக்தபில் மட்டும் ஹஜ்ரத் சொன்னபடி 'மா' நீளட்டும்.