சயாம் மரண ரயில்பாதை: பெயர் பொறிக்கப்படாத தமிழர்

சயாம் மரண ரயில்பாதை என்பது இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியப் படை அமைத்த பாதையாகும். தாய்லாந்தின் நோங் பிளாடுக்கையும் பர்மாவின் தன்பியூசாயத்தையும் இணைத்த இதன் நீளம் 415 கி.மீ. 1942இல் தொடங்கிய பணி, 1943 அக்டோபர் 17 அன்று இருமுனைகளும் இணைந்ததோடு முடிந்தது.

ஆள்சேர்ப்பு

ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் அரிசியும் அருகின. சில மாத வேலை, நல்ல கூலி என்ற பேச்சை நம்பிச் சிலர் சென்றனர். பின்னர் பலர் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்ற சுமார் 75,000 பேரில் பெரும்பாலோர் தமிழர். சரக்கு வண்டிகளில் அடைத்து, தாய்லாந்தின் பான் போங்கில் இறக்கினர். அங்கிருந்து காட்டு முகாம்களுக்கு நடைப்பயணம்.

இறப்பு

1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி, அடி ஆகியவையும் சேர்ந்தன. போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் இறப்பு ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகிறது.

கைதிகளிடம் மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தனர். இறந்தோர் பட்டியலை அவர்கள் காத்தனர். தொழிலாளர்களுக்கு அவ்வாறு எவருமில்லை. பலர் குழிகளில் மொத்தமாகப் புதைக்கப்பட்டனர்.

நினைவிடங்கள்

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் 6,982 கைதிகள் அடக்கமாகியுள்ளனர். சுங்காய், தன்பியூசாயத் ஆகிய இடங்களிலும் கல்லறைகள் உண்டு. தமிழருக்குத் தனித்தனிக் கல் இல்லை. 1944இல் ஜப்பானியரே காஞ்சனபுரியில் எழுப்பிய நினைவுத்தூணில் தமிழ் வாசகமும் உள்ளது. ஆனால் பெயர்கள் இல்லை. அண்மை ஆண்டுகளில் அவ்வூர்ப் புத்த கோயில் வளாகத்தில் தமிழர்க்கு நடுகல் நாட்டப்பட்டது.

பிரான்சிலிருந்து நாஜிகள் கொண்டுசென்ற யூதர் சுமார் 76,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் டிரான்சி முகாமிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். அவர்களின் பெயர்கள் பாரிஸ் நினைவகச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அனுப்பியவர்களின் பட்டியல்களே அதற்கு உதவின.

பெயரைக் கல்லில் வைப்பது நமக்குப் புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரில், மூவர் கோயில் கல்வெட்டு பூதி விக்கிரமகேசரியின் முன்னோரைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறது. அரசர் பெயர் ஆயிரம் ஆண்டு நின்றது. தொழிலாளி பெயர் எண்பது ஆண்டும் நிற்கவில்லை.

தமிழகத்திலிருந்து மலாயாவுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கும் அங்கும் உள்ளனர். ‘சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை’ என்னும் செய்தி வீட்டில் இருந்தால், மாணவர்கள் அவர் பெயர், ஊர், தோட்டம் மூன்றையும் கேட்டு எழுதி வைக்கலாம். கிடைக்கக்கூடிய பட்டியல் அது ஒன்றே.