கோல்ட் ஃப்யூஷனும் திறந்து கிடந்த கதவுகளும்

1995இல் அமெரிக்காவின் அலேர் நிறுவனம் கோல்ட் ஃப்யூஷன் என்ற மென்பொருளை வெளியிட்டது. தரவுத்தளத்திலுள்ள விவரங்களை இணையப் பக்கத்தில் காட்ட அதுவரை நீண்ட நிரல் எழுத வேண்டியிருந்தது. இதில் எச்டிஎம்எல் போன்ற சில குறிகளே போதும். நிரலாளர் அல்லாதவர்களும் தளம் கட்டினார்கள். அது பெரிய சாதனைதான். ஆனால் பாதுகாப்பு பின்தங்கிவிட்டது.

முதல் அடி, உதவிக் கையேட்டோடு வந்த மாதிரி நிரல்களிலிருந்து விழுந்தது. கற்பவர்களுக்காக வைத்த அந்தப் பக்கங்கள், கோப்பை ஏற்றவும் படிக்கவும் அழிக்கவும் வழிவிட்டன. பலர் அவற்றை நீக்காமலே தளத்தைத் திறந்தார்கள். 1999இல் இது பரவலாகத் தெரியவந்ததும் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது.

இன்னொரு ஓட்டை நுட்பமானது. இணைய முகவரியில் வரும் மதிப்பைத் தரவுத்தள வினவலில் சேர்க்கும்போது, ஒற்றை மேற்கோள் குறியை இந்த மென்பொருள் தானாகவே இரட்டித்துவிடும். அதனால் எழுத்து மதிப்புகள் பெரும்பாலும் தப்பின. ஆனால் எண்ணுக்கு மேற்கோளே தேவையில்லை. பொருள் எண் 5 வரவேண்டிய இடத்தில் ‘5 அல்லது 1=1’ என்ற பொருளில் எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியின் துண்டு வந்தால், பட்டியல் முழுவதும் கொட்டிவிடும். மதிப்பின் வகையை முன்பே அறிவிக்கும் தனிக் குறி வந்த பிறகும், பழைய பக்கங்களைத் திருத்தப் பலர் முனையவில்லை.

மென்பொருள் 2001இல் மேக்ரோமீடியாவுக்கும் 2005இல் அடோபிக்கும் கைமாறியது. அதன் பிறகும் ஓட்டைகள் தீரவில்லை; 2010இல் நிர்வாகப் பக்கத்தின் மொழித் தேர்வு வழியாகவே கடவுச்சொல் கோப்பைப் படிக்க முடிந்தது. நிர்வாகப் பக்கத்தைப் பொது இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த தளங்களே அதில் சிக்கின.